ஹுல்டா கழுவிய பலகைகள்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வரும்போது ஹுல்டா சுல்கே வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் வருவாள். பனிக்காலத்தில் எல்லோரும் போடுகிறதுதான், அதில் அதிசயமில்லை. ஜூலை மாத வெயிலில், ஆம்பிளைகள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளும் நாளிலும் அவள் கையுறையைக் கழற்ற மாட்டாள். பாட்டுப் புத்தகத்தை அதோடுதான் புரட்டுவாள். ஒரு பக்கம் புரட்டப் போனால் நாலு பக்கம் சேர்ந்து புரளும். மற்றவர்கள் ஒரு பாட்டில் இருக்கும்போது இவள் வேறொரு பாட்டில் வாயசைத்துக்கொண்டிருப்பாள். அப்போதும் கழற்ற மாட்டாள்.

காரணம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கையில் இருக்கிற வாடை.

அவள் வீட்டுக்காரன் எவால்ட், டாட்ஜ் மாவட்டத்தில் எங்கள் நாற்சந்தியில் இருந்த சீஸ் ஆலைக்காரன். ஆலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் பால் தொட்டி, அதற்குக் கீழே நிலவறை, மேலே குடியிருக்க நாலு அறை. காலையில் சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் கேன்களில் பாலைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, முந்தின நாள் திரிந்த பாலின் தண்ணீரைப் பன்றிகளுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். எவால்ட் போட்டது செங்கல் சீஸ். அதன் வடிவமும் செங்கல், அச்சில் வார்த்ததும் மேலே ஏற்றுகிற பாரமும் செங்கல், அதனால் அந்தப் பேர். இது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு இல்லை, அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சினிலேயே பிறந்தது. தெற்கே இருக்கிற சுவிஸ்காரர்கள் வண்டிச் சக்கரம் மாதிரி சீஸ் போட்டுப் பீற்றிக்கொள்வார்கள். பீற்றட்டும். அது அவர்கள் பாட்டன் ஊரில் கற்றது. எங்களுடையது எங்களுடையது.

தொட்டி ஆம்பிளைக்கு, நிலவறை பெண்டாட்டிக்கு. எங்கள் பக்கத்து ஆலைகளில் அதுதான் வழக்கம். உப்புத் தண்ணீரில் ஊறி வந்த சீஸை நிலவறையில் மரப்பலகை மேல் அடுக்குவார்கள். தினமும் ஒவ்வொன்றையும் எடுத்து, உப்புத் தண்ணீரில் கையை நனைத்துத் தடவி, திருப்பி வைக்க வேண்டும். தடவத் தடவ அதன் மேல் செம்மஞ்சளாக ஒரு பிசுக்கு பிடிக்கும். அந்தப் பிசுக்குதான் சீஸுக்கு உயிர். வாடையும் அதிலிருந்துதான் வருகிறது. நாட்பட்ட காலுறை மாதிரி நாறுகிறது என்று பட்டணத்துக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே கறுப்பு ரொட்டியில் இன்னொரு துண்டை வைத்து, மேலே பச்சை வெங்காயமும் கடுகும் வைத்து, பீரோடு விழுங்குவார்கள். தின்கிறவர்களுக்கு வாய் கழுவினால் போய்விடும். தடவுகிறவளுக்குப் போகாது. நகக்கண்ணில், மயிரில், தலையணை உறையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஹுல்டா பிறந்ததும் பக்கத்துப் பண்ணையில்தான். சின்னப் பெண்ணாக அப்பாவின் பால் வண்டியில் ஆலை வாசலுக்கு வரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டுவாள். கேன் வாங்கிக்கொண்டிருந்த ஆலைக்காரன் மகன் சிரிப்பான். அந்த மகன்தான் எவால்ட். பின்னால் ஊர் மண்டபத்தில் நடந்த நடனத்துக்கு அவன் தலையெல்லாம் சோப்பு மணக்க வந்தான். அவளும் சோப்பை நம்பி ஆடினாள். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் மாமியார் உப்புத் தண்ணீர் வாளியை அவள் கையில் கொடுத்தாள்.

முதல் தடவை தாய்வீட்டுக்குப் போனபோது, அவள் உட்கார்ந்ததும் அம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். பனிக்காலம் அது. அம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அந்த ஜன்னலை ஹுல்டா கடைசி வரைக்கும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கையுறை வந்தது.

பிறந்தது ஒரே மகள், வெர்னா. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் மற்றப் பெண்கள் அந்த முனைக்கு நகர்ந்து விடுவார்கள். வெர்னா வீட்டில் சொன்னதில்லை. ஆனால் நல்ல கவுன்களையெல்லாம் சிநேகிதி வீட்டில் வைத்து, போகிற வழியில் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். ஹுல்டாவுக்குத் தெரியும். துவைக்கக் கவுன் வரவில்லை என்றால் அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

அந்தப் பயம்தான் அவளை ஒரு கெட்ட காரியம் செய்ய வைத்தது. அடுத்த நாற்சந்தியில் இன்னொரு ஆலை உண்டு. செல்மா பப்லிட்ஸ் என்று ஒருத்தி, புருஷன் செத்த பிறகு தொட்டியையும் நிலவறையையும் தானே பார்த்துக்கொண்டவள். தடித்த குரல், தடித்த கை. கையுறை கிடையாது, கூச்சமும் கிடையாது. ஒரு கோடையில் தேவாலயத்து விருந்துக்கு மரத்தடியில் பெண்கள் கூடியிருந்தபோது யாரோ மூக்கைச் சுளித்தார்கள். தன்னைத்தான் என்று ஹுல்டாவுக்குத் திக்கென்றது. உடனே முந்திக்கொண்டாள்.

"செல்மா இன்னும் வந்து சேரல. அவ வாடை முந்தி வந்து எடம் பிடிச்சிருச்சு பாருங்க. அந்தப் பொம்பள குளிக்கிற தண்ணியக்கூட சீஸுக்கே ஊத்திடுவா போல."

எல்லோரும் சிரித்தார்கள். செல்மா பின்னால் காபிக் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். கெட்டிலை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தேவாலயத்து வாசலில் எதிர்ப்பட்டாலும் செல்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கையுறையைத்தான் பார்ப்பாள்.

வெர்னா படிப்பு முடிந்து மில்வாக்கியில் தொலைபேசி அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். அங்கே லெஸ்டர் விட்காம் என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமாயிற்று. பையன் தங்கமான பையன். அப்பா இல்லை. அம்மா மட்டும்தான். பெரிய வீடு, பியானோ, கம்பளம். அந்த அம்மாள் கோடை தொடங்கினதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வசந்த காலத்தில் வெர்னா தொலைபேசியில் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, கடைசியில், வைக்கப் போகிற நேரத்தில்:

"அம்மா, அன்னைக்கு மட்டும் நிலவறைக் கதவச் சாத்தி வச்சிரு, என்ன?"

அவ்வளவுதான் அவள் கேட்டது. கதவைச் சாத்தச் சொன்னாள். ஹுல்டா தொலைபேசியை வைத்தாள். கதவைச் சாத்தினால் போய்விடுமா இந்த வாடை? சுவர் குடித்திருக்கிறது, படி குடித்திருக்கிறது. தன் அம்மா ஜன்னலைத் திறந்த மாதிரி அந்த அம்மாள் கைக்குட்டையை எடுப்பாள். மகள் அதைப் பார்ப்பாள்.

எவால்ட் ஆலைக்காரர்கள் கூட்டத்துக்கு வெளியூர் போன சமயம் பார்த்து அவள் இறங்கினாள். பழுத்த சீஸெல்லாம் அந்த வாரம்தான் லாரியில் ஏறிப் போயிருந்தது. மிச்சம் கிடந்த இளசுகளைப் புளிக்காடியில் நனைத்த துணியால் துடைத்து வெள்ளையாக்கினாள். பழைய வாளித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினாள். பலகைகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்குச் சுமந்து வந்து, சோப்புப் போட்டு, ப்ளீச் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காய வைத்தாள். மாமனார் காலத்துப் பலகைகள் அவை. கறுப்பாக இருந்த மரம் புது ரொட்டி மாதிரி வெளுத்துவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கை கொப்பளித்தது. மனசு மட்டும் அன்றைக்கு லேசாக இருந்தது, பாவம்.

எவால்ட் வந்தான். நிலவறைப் படியில் பாதியில் நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"ஹுல்டா, வாடை எங்க?"

"கழுவிட்டேன். எப்படிப் பளிச்சுனு இருக்கு பாரு."

அவன் ஒரு பலகையை முகர்ந்தான். அடுத்ததை முகர்ந்தான்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டான். தெரியாதவளா அவள்? பிசுக்கு பலகையில்தான் குடியிருக்கிறது, பலகையிலிருந்துதான் சீஸுக்கு ஏறுகிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட ஆலைப் பலகையில் சோப்பு வைக்காது. தெரிந்தே செய்தாள். வெட்கம் வந்து கண்ணை மறைத்தால் கை என்ன செய்கிறது என்று தெரியாது.

அதற்குப் பிறகு போட்ட சீஸ் ஒன்றும் தேறவில்லை. என்ன தடவினாலும் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தது. பிறகு ஓரங்களில் நீலப் பூஞ்சணம் பிடித்தது. கடையிலிருந்து தங்கள் பழைய சீஸையே வாங்கி உப்புத் தண்ணீரில் கரைத்துத் தடவிப் பார்த்தார்கள். மரத்துக்குள் இறங்கியிருந்த ப்ளீச் அதையும் கொன்றது. வியாபாரி லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டான். பண்ணைக்காரர்கள் கேனை இறக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றான் எவால்ட். "செல்மா பலகையில இருக்கற பிசுக்கும் நம்ம பழைய பிசுக்கும் ஒண்ணுதான். என் அப்பாவும் அவ மாமனாரும் ஒரே எடத்துல தொழில் கத்தவங்க. அவகிட்ட ஈரத்தோட ஒரு பலகை வாங்கிட்டு வந்தா, புதுப் பலகை போட்டு மெல்ல மெல்ல உயிர் குடுத்துடலாம்."

"அவகிட்டயா? என் உயிரே போனாலும் போகமாட்டேன். நீ போய் வாங்கிட்டு வா."

"நான் போனா கதவைத் தொறக்க மாட்டா. பேசினது நீ."

"அப்ப வேற வழி பாரு."

அவன் வேறு வழி பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. தினமும் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சம்பந்தி வரும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. விட்காம் அம்மாள் நல்ல மாதிரிதான், குற்றம் சொல்ல முடியாது. பன்றித் தொடையைப் புகழ்ந்தாள், ரொட்டியைப் புகழ்ந்தாள். கைக்குட்டையை வெளியே எடுக்கவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும், "லெஸ்டர் உங்க நிலவறையப் பத்தி நிறைய சொல்லியிருக்கான். பாக்கலாமா?" என்று கேட்டாள். ஹுல்டா எவால்டைப் பார்த்தாள். அவன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான்.

"அடேயப்பா!" என்றாள் விட்காம் அம்மாள் கீழே இறங்கி நின்று. "என்ன சுத்தம்! ஆஸ்பத்திரி மாதிரி இல்ல இருக்கு!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஹுல்டா கை கொப்பளிக்கத் தேய்த்தாள். அது வந்ததும் தரையில் எங்கேயாவது பிளவு இருந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"ஆஸ்பத்திரியேதாம்மா," என்றான் எவால்ட். "நோயாளிங்களும் படுத்திருக்காங்க பாருங்க."

வெர்னா ஒரு சீஸை எடுத்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள். "என்னப்பா இது? நம்மது மாதிரியே இல்லையே. கல்யாண விருந்துக்கு எங்கப்பா செங்கல் சீஸ் வரும்னு ஆஃபீஸ் பூரா சொல்லி வச்சிருக்கேனே!"

"அந்தப் பேச்சு இனிமே வேண்டாம்மா," என்றான் எவால்ட். "தொட்டிய மூடிடலாம்னு இருக்கேன். பாலு டவுன் கம்பெனிக்குப் போகட்டும்."

"மூடறதா? எதுக்கு? அம்மா, என்னம்மா ஆச்சு?"

ஹுல்டா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீதானே கதவச் சாத்தி வைக்கச் சொன்ன."

வெர்னாவின் முகம் காதுவரை சிவந்தது. அந்த அம்மாளுக்குப் பாதி புரிந்திருக்கும், அவளும் தரையைப் பார்த்தாள். லெஸ்டர் ஒருவன்தான் பாவம், எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஹுல்டா படியேறினாள். மேலே போய்த் தொப்பியை வைத்துக்கொண்டாள், கையுறையைப் போட்டுக்கொண்டாள். "தம்பி லெஸ்டர், காரை எடு," என்றாள். "பக்கத்து நாற்சந்தி வரைக்கும் என்னைக் கொண்டுபோய் விடு."

தனியாகப் போகத்தான் நினைத்தாள். வெர்னா முன்னால் ஏறினாள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் விட்காம் அம்மாளும், ஊரைப் பார்க்கலாமே என்று பின்னால் ஹுல்டா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்குங்கள் என்று எப்படிச் சொல்வது?

செல்மா வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பெரிய பச்சைக் கார் வந்து நின்றதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"யாரு, கார்ல வந்து எறங்கற மகாராணி?"

"நான்தான் செல்மா. ஹுல்டா."

"தெரியுது. மூஞ்சி தெரியலேன்னாலும் கையுறை தெரியுமே."

"ஒரு பலகை வேணும். உன் நிலவறைப் பலகை. ஈரத்தோட."

"ஏன், உன்னுதுக்கு என்ன வந்துச்சு?"

"கழுவிட்டேன்."

"கழுவினியா? எதைப் போட்டு?"

"சோப்பு. அப்புறம் ப்ளீச்."

செல்மா சிரிக்க ஆரம்பித்தாள். மடியிலிருந்த பட்டாணியெல்லாம் குலுங்கிப் படியில் உருண்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"எவால்ட் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"அய்யோ. திட்டியிருந்தா தேவலையே."

"ஆமா."

"சரி. அன்னைக்கு மரத்தடியில என்னைப் பத்தி என்ன சொன்ன? ஞாபகம் இருக்கா, நான் எடுத்துக் குடுக்கணுமா?"

"ஞாபகம் இருக்கு."

"சொல்லு. கார்ல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும். அன்னைக்குச் சத்தமாத்தானே சொன்ன?"

கார்க் கண்ணாடிகள் இறக்கியிருந்தன. ஹுல்டா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வெர்னா தலையைக் குனிந்திருந்தாள். விட்காம் அம்மாள் குனியவில்லை.

ஹுல்டா சொன்னாள். வாடை முந்தி வந்து இடம் பிடித்ததையும் சொன்னாள், குளிக்கிற தண்ணீரையும் சொன்னாள். ஒரு சொல் குறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "எனக்குத்தான் வாடைன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு உன் தலையில போட்டேன், செல்மா," என்றாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நீ ஒருத்தி தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்த." செல்மா கவுனை உதறிக்கொண்டு எழுந்தாள். "வா. அந்தக் கையுறையக் கழட்டிட்டு வா. அதோட என் பலகையத் தொட விடமாட்டேன்."

கீழே அந்த வாடை முகத்தில் வந்து அடித்தது. தன் வீட்டு வாடைதான். ஹுல்டாவுக்கு அழுகை முட்டியது. செல்மா வாளியைக் காலால் நகர்த்தி வைத்தாள். ஹுல்டா வெறுங்கையை உள்ளே விட்டு, பலகை மேலிருந்த சீஸ்களை ஒவ்வொன்றாகத் தடவி வேறு பலகைக்கு மாற்றினாள். கைக்கு வழி மறக்கவில்லை. செல்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள், ஒத்தாசை செய்யவில்லை. செம்மஞ்சள் வழவழப்போடு அந்தப் பலகையை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, பழைய தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள்.

"பலகை குடுத்தேன்கறதுக்காக சிநேகிதம்னு நெனச்சுக்காத," என்றாள். "எவால்டுக்காகக் குடுக்கறேன். பேசினது பேசினதுதான்."

பலகை டிக்கியில் கொள்ளவில்லை. பின் இருக்கையில் ஹுல்டாவின் மடியில் குறுக்கே வைக்க வேண்டியதாயிற்று. மறுமுனை விட்காம் அம்மாளின் முழங்காலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. சாக்கிலிருந்து சொட்டியது. கண்ணாடி இறக்கியிருந்தும் காருக்குள் அந்த வாடையைக் கேட்கவா வேண்டும்! விட்காம் அம்மாள் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையை எடுத்தாள். மூக்கில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக எதற்குப் பயந்து செத்தாளோ, அது ஹுல்டாவின் கண் முன்னால், ஒரு கை தூரத்தில் நடந்தது. அவள் எங்கே பார்ப்பாள்? தன் கையைத்தான் பார்த்தாள். கையுறையைச் செல்மாவின் படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"லெஸ்டர், நிறுத்து," என்றாள் வெர்னா.

இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். "நீங்க முன்னாடி போய் உக்காருங்க, அம்மா. அங்க காத்து வரும்," என்று வருங்கால மாமியாரிடம் சொன்னாள். அந்த அம்மாள் மாறிக்கொண்டாள். வெர்னா தன் தாய் பக்கத்தில் ஏறி, வெளிர்நீலப் பட்டு கவுனோடு, பலகையின் மறுமுனையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கறை போகாதுடி," என்றாள் ஹுல்டா.

"தெரியும்."

வீடு வரும்வரை பலகையை அவள் மடியிலிருந்து இறக்கவில்லை.

நிலவறை திரும்பி வந்தது. புதுப் பலகைகளுக்கு நடுவில் அந்த ஒன்றை வைத்து, நாள் தவறாமல் தடவி, முதலில் ஒரு வரிசை சிவந்தது, பிறகு அடுத்த வரிசை. எவால்ட் ஒரு காலையில் படியில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். இலையுதிர் காலத்தில் வெர்னாவின் கல்யாணத்துக்கு அந்தச் சீஸ்தான் போயிற்று. விட்காம் அம்மாள் அதைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று சட்டமா?

ஹுல்டாவின் வெட்கம் அதோடு போய்விட்டது என்று யாராவது கதை கட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேவாலயத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்தாள், ஆனால் கையைப் பாட்டுப் புத்தகத்துக்குக் கீழே மறைத்து வைத்துக்கொண்டாள். வாடை பழகிவிட்டது. மரத்தடியில் சொன்ன சொல்தான் பழகவில்லை. அது அவளைக் கடைசி மட்டும் குத்திக்கொண்டிருந்தது.

அடுத்த கோடையில் மறுபடி விருந்து. அதே மரம், அதே பெண்கள். மேஜையில் செல்மாவின் சீஸும் இருந்தது, ஹுல்டாவினுடையதும் இருந்தது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பது என்று ஹுல்டா வாரம் முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். எழுந்து நின்றாள். முகம் சீஸின் தோல் மாதிரி சிவந்தது. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். உட்காரவும் முடியவில்லை. கடைசியில் கத்தியை எடுத்து, தன் சீஸைத் தாண்டிக் கையை நீட்டி, செல்மாவின் சீஸில் தடிமனாக ஒரு துண்டு வெட்டி, கறுப்பு ரொட்டியில் வைத்து, நின்றபடியே தின்றாள். வாய் நிறைய, கண் கலங்க, எல்லோர் முன்னாலும்.

செல்மா மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் தின்பதை முழுசும் பார்த்தாள். பிறகு வெங்காயத் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"வெங்காயம் வச்சுக்க," என்றாள். "வெறுமனே யாராவது திம்பாங்களா?"